வந்து வந்து போன முகம்

எங்கள் அப்பார்ட்மெண்டில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் முதலில் என்னைக் கூப்பிடுவார்கள், அப்புறம்தான் பகவானை. டெலிபோன் இலாகாவில் ஆயுள் முழுக்கக் குப்பை கொட்டிவிட்டு ரிட்டையர் ஆனவன் நான். பீர்க்கன்கரணையிலிருந்து கோவிலம்பாக்கம் வரை நான் தொட்டுப் பிழைக்காத மெஷின் கிடையாது. பிழைக்காதவை நான் தொடுவதற்கு முன்பே செத்துப்போனவை.

ஆகவே கீழ் வீட்டு அயூப் பாய் சாயங்காலம் மூச்சிரைக்க மாடியேறி வந்து, "சார், பிரவுசர் தொறக்குது, தானே மூடிக்குது. கொஞ்சம் வாங்க சார்" என்றபோது எனக்குக் கல்யாண விருந்துக்கு அழைப்பு வந்த சந்தோஷம்.

இறங்கிப் போனால் வீட்டில் ஃபேன் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. சாப்பாட்டு மேஜைமேல் மகன் ஃபைஸின் பழைய லேப்டாப். பக்கத்தில் பாயின் மனைவி மெஹர் பானு, முந்தானையால் வாயைப் பொத்தியபடி.

விஷயம் இதுதான். பாயின் தம்பி ஷாகுல் ஷார்ஜாவில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இன்றைக்கே நெஞ்சைத் திறக்கிறார்கள். எழுந்து வருவார் என்று டாக்டர்களே வாக்குக் கொடுக்கவில்லை. அப்படிப் போகிறவர்கள் சொந்தபந்தம் ஒவ்வொருவரிடமும் பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போவது வழக்கம். அதற்காக ஷாகுலின் மகள் இரம் எல்லோருக்கும் வீடியோ மீட்டிங் லிங்க் அனுப்பியிருந்தாள். பெரியத்தாவான பாய்க்கும்.

அண்ணன் தம்பி பேச்சு நின்று வெகுகாலம். அம்மா மௌத்தானபோது, தம்பியின் விமானம் இறங்கும்வரை காத்திராமல் பாய் அடக்கம் பண்ணிவிட்டார். கபர்ஸ்தான் வாசலில், "எங்கம்மா மூஞ்சியக்கூட எனக்கு மிச்சம் வெக்கல" என்று ஷாகுல் கத்தியதுதான் கடைசி வார்த்தை.

"நான் பொறுத்துக்கிட்டேன்டா, நீயும் பொறுத்துக்கடான்னு சொல்லணும் சார். அவ்ளோதான்" என்றார் பாய்.

"போன்ல சொல்லிடலாமே பாய்?"

"இருக்கறது பட்டன் போனு. அவன் நம்பரும் மாறிப்போச்சு. ஃபைஸும் ஆபீஸ்ல போன எடுக்க மாட்டேங்கறான்."

என் போனும் கம்ப்யூட்டரும் தாம்பரத்தில் ஒரு கடையில் ரிப்பேருக்குக் கிடந்தன. வைத்தியன் வீட்டுச் சீக்கு, அதை விடுங்கள்.

"கவலைய விடுங்க பாய். எமன் கைல இருந்தே பிரவுசரப் புடுங்கினவன் நான்!"

லிங்க்கை அழுத்தினோம். வட்டம் சுற்றி நின்றது. ஒரு கட்டில், குழாய்கள், தலையணையோடு ஒட்டிப்போன ஒரு முகம். "ஷாகுலு..." என்று பாய் ஆரம்பிக்கவும் பிரவுசர் மொத்தமாகக் காணாமல் போயிற்று.

திறந்து கிடந்த பக்கங்களையெல்லாம் மூடிவிட்டு அழுத்தச் சொன்னேன். முகம் வந்தது, பாய் கையைத் தூக்கினார், போய்விட்டது. உள்ளே தேங்கியிருந்த பழைய குப்பையைத் துடைத்தேன். பெருங்குடி குப்பைமேடு பிச்சை வாங்க வேண்டும், அவ்வளவு. அழுத்தினோம். முகம். போயிற்று. ஃபைஸ் ஒட்டவைத்திருந்த எக்ஸ்டென்ஷன்களை, கூப்பன் தேடுவது, விளம்பரம் தடுப்பது, தொழுகை நேரம் சொல்வது, ஒன்றுவிடாமல் நிறுத்தினேன். எனக்கோ உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

"இன்னொரு தடவ அழுத்துங்க பாய்!"

"சார், அவன் என்னப் பாக்கறான் சார்."

"பாக்கட்டும். இதோ நிக்க வெச்சுடறேன்."

மெஹர் பானு மெல்லச் சொன்னார்: "அண்ணா, ஆட்டோ புடிச்சு ஏதாவது நெட் சென்டருக்குப் போயிடலாமா?"

"இந்த டிராஃபிக்லயாம்மா? நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள உங்க கொழுந்தனார் டிஸ்சார்ஜே ஆகி வந்துடுவாரு."

யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில்தான் கவனித்தேன். வீடியோ ஓட ஆரம்பிக்கிற அந்த நொடியில்தான் விழுகிறது. செட்டிங்ஸில் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, படத்தை வேகமாக ஓட்டுவதற்கு. கிழட்டு லேப்டாப்புக்கு அந்த வேகம் தாங்கவில்லை. அணைத்தேன்.

அழுத்தினோம். அனுமதி கேட்டிருக்கிறோம், காத்திருங்கள் என்றது திரை. பிரவுசர் விழவில்லை. பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பள்ளிவாசலிலிருந்து மஃரிப் பாங்கு கேட்டு ஓய்ந்தது. காத்திருந்தோம்.

திரை திறந்தது. கட்டில் காலி. ஓரத்தில் இரம் நின்றிருந்தாள்.

"அத்தாவ உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க பெரியத்தா."

"எப்பம்மா?"

"இப்பத்தான். ஸ்ட்ரெச்சர் வந்தப்புறமும் கொஞ்சம் இருங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நீங்க வர்றதும், அத்தா மூஞ்சியப் பாத்ததும் கட் பண்ணிட்டுப் போறதும்... கடைசில, 'அண்ணனுக்கு மனசு வரல, விடும்மா'ன்னாங்க."

பாய் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சும்மா..."

ஊரில் பாதிப் பேர் சொல்லும் சாக்கு அது.

"சரி பெரியத்தா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

"சார், நீங்களாவது சொல்லுங்க சார்."

நான் திரைக்கு முன்னால் குனிந்தேன். "சத்தியமாம்மா! நான் பக்கத்துலயே இருந்தேன். ஆயிரம் தடவ விழுந்துச்சும்மா இந்த பிரவுசர்!"

"அவ்ளோ தடவ இல்ல அங்கிள்" என்றாள் இரம். "அத்தா எண்ணிக்கிட்டு இருந்தாங்க."

நான் திரைக்கு முன்னாலிருந்து விலகினேன்.

அவள் கை திரையை நோக்கி வந்தது. மூடப் போகிறாள். பாய் அவசரமாகச் சொன்னார்: "இரு, இரும்மா. அன்னிக்கு நான் அவனுக்காகக் காத்திருக்கல. இன்னிக்குக் காத்திருக்கேன். அத மூடாத, அப்படியே விட்டுட்டுப் போ."

அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு மூடாமலே விலகிப் போனாள்.

மெஹர் பானு எழுந்து விளக்கைப் போட்டார். நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கதவருகே திரும்பிப் பார்த்தேன். கசங்கிய விரிப்போடு காலிக் கட்டில். அதன் எதிரே, நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு பாய். பிரவுசர் கல் மாதிரி நின்றது.