விடாமல் இழுத்த கோடு

எங்கள் பிரிவில் வேலை நடப்பது காலையில்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நகராட்சியின் போக்குவரத்துத் திட்டப் பிரிவு முழுவதும் அரைக்கண் மூடிக் கிடக்கும். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து, எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கும் பெரிய வரைபடத்தின் மேல் மெல்ல ஏறத் தொடங்கும். கீழே ஆற்றங்கரையில் ஆரம்பித்து, சந்தையைத் தாண்டி, நாலு மணி வாக்கில் உச்சியில் உள்ள மேட்டுக் குடியிருப்புக்குப் போய்ச் சேரும். பஸ் போகாத அந்த இடத்துக்கு வெயில் மட்டும் தினமும் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பஸ் வழித்தடம் வரைவது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக இந்த ஊர் பஸ்கள் நான் வளைத்த இடத்தில்தான் வளைகின்றன. பெருமைக்குச் சொல்லவில்லை. பஸ்ஸில் கசங்கிப்போய் இறங்குகிறவர்கள் முகம் தெரியாத யாரையோ திட்டுவார்களே, அந்த யாரோ நான்தான். வரையும்போது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். பென்சில் போகும் வழியில் நானும் போய்விடுவேன். ஆளில்லாத பஸ், ஜன்னலோர இருக்கை, முகத்தில் காற்று. யாராவது கூப்பிட்டால் இரண்டு நிறுத்தம் தாண்டித்தான் திரும்பி வருவேன். பக்கத்து மேஜை தட்டச்சுக்காரி, "இன்னைக்கு எந்த ரூட்ல இருக்கீங்க?" என்று கேலி செய்வாள். நானும் நம்பரைச் சொல்வேன்.

மேட்டுக் குடியிருப்பில் என் அக்கா இருந்தாள். எனக்கென்று இருக்கிற ஒரே ஆள். அத்தான் போன பிறகும் அவள் அந்த வீட்டை விடவில்லை. கீழே பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் ஆறு மணிக்கு அவள் வேலை தொடங்கும். கடைசி பஸ் நிறுத்தமோ மேட்டின் அடியில், வீட்டிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் தள்ளி. இருபது வருடம் அந்தச் சரிவை நடந்தே தேய்த்தவளுக்கு இப்போது முழங்கால் மக்கர் பண்ணியது. "இன்னும் ஆறு மாசம் இதுல ஏறி இறங்குனீங்கன்னா, அப்புறம் நடக்கிற கவலையே உங்களுக்கு இருக்காது" என்று டாக்டர் குத்தலாகச் சொல்லிவிட்டார். வேலையை விட்டால் வெளியூரில் இருக்கும் மகனிடம் போக வேண்டியதுதான். மகன் தங்கமானவன். ஆனால் அக்காவுக்கு அந்த வேலை பிடிக்கும். "சூடா மடிச்ச துணியில முகத்தை வச்சுப் பார்த்திருக்கியா நீ?" என்று என்னைக் கேட்பாள். அவள் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் யார் வீட்டுக் கதவைத் தட்டுவேன்? அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறித் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

இருபத்தேழாம் நம்பர் பஸ்ஸை மேடு வரை நீட்ட மூன்று முறை நிதி கேட்டோம். மூன்று முறையும் கோப்பு ஒரே பதிலோடு திரும்பி வந்தது: காத்திருக்கும் பயணிகள், பூஜ்யம். எங்கள் கணக்கெடுப்பாளர்கள் வருடத்தில் ஒரு நாள், நிறுத்தக் கம்பம் இருக்கும் இடங்களில் மட்டும் நின்று தலைகளை எண்ணுவார்கள். மேட்டில் பஸ் இல்லை, அதனால் கம்பம் இல்லை, அதனால் அங்கே ஆளும் இல்லை. இந்த அழகில் நாலாவது முறையாக விண்ணப்பம் தயாரானது. அதற்கான வரைபடத்தை ஒரு மதியம் நான் வரைந்தேன்.

ஓடுகிற வழித்தடத்துக்கு விடாமல் கோடு இழுக்க வேண்டும். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிற வழித்தடத்துக்கு விட்டு விட்டுப் போட வேண்டும். பிரிவில் சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லித் தருவார்கள். அன்று வெயில் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. நானும் ஏறினேன். முதல் வளைவில் வேப்பமரம், அடுத்த வளைவில் தண்ணீர்த் தொட்டி, அக்காவின் தெருமுனை. பஸ் எங்குமே நிற்கவில்லை. அவள் வாசலில் நின்று கையாட்டியதுகூடத் தெரிந்தது. கண்ணைத் திறந்தபோது மணி ஐந்து. தாளைச் சுருட்டி அனுப்பும் தட்டில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

புது வரைபடம் வந்தால் கம்பம் நடும் ஆட்கள் அதை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வருவார்கள். தாளில் இருக்கிற, ஆனால் தரையில் இல்லாத கம்பத்தை நட்டுவிட்டு வருவது அவர்கள் வழக்கம். கேள்வி கேட்பது அவர்கள் வழக்கம் இல்லை.

பத்து நாள் கழித்து அக்கா போன் செய்தாள். "குட்டி! எங்க தெருமுனையில கம்பம் நட்டிருக்காங்கடி! இருபத்தேழுன்னு பெருசா எழுதியிருக்கு. நீ ஒரு வார்த்தை சொல்லலையே, அமுக்கினி!"

வரைபடத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஒரே கோடு, ஒரு இடத்திலும் விடவில்லை. 'அது என் தப்பு, அங்கே போய் நிற்காதே' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவளோ சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தான் போன பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

"வரும்க்கா" என்றேன். "கொஞ்ச நாள் ஆகும்."

"ஆகட்டும், ஆகட்டும். நான் நின்னு பார்க்கறேன்."

எங்கள் பொறியாளருக்கு நிதானம் என்று பெயர் வைத்திருந்தோம். கட்டடம் தீப்பிடித்தாலும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"அஞ்சு கம்பமா?"

"அஞ்சு, சார்."

"பிடுங்கணும்னா ஒரு குறிப்பு வேணும். உங்க தப்புன்னு எழுதிக் கொடுங்க. நான் மேல அனுப்பறேன். அவசரமில்ல, நிதானமா எழுதுங்க."

அன்றே எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். ஆனால் கணக்கெடுப்புக்கு மூன்று வாரம்தான் இருந்தது. கம்பம் இருந்தால் கணக்கெடுப்பாளர் போவார். போனால் ஒரு தலையாவது எண்ணுவார். குறிப்பை மேஜை இழுப்பறையில் போட்டு மூடினேன். நிதானமும் அதைக் கேட்கவில்லை. அவர் மறந்தாரா, மறந்ததுபோல இருந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த மூன்று வாரமும் எனக்குச் சரியாக நினைவில்லை. பாதி நேரம் மேட்டில்தான் இருந்தேன். பனியில் கம்பம் நிற்கிறது, அதன் கீழே அக்கா நிற்கிறாள், தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்கிறது, பஸ் மட்டும் வளைவைத் தாண்டி வரவே மாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனால் அக்கா முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வேலை எப்படி என்று கேட்டால், "அதுக்கென்ன, அது பாட்டுக்குப் போகுது" என்று பேச்சை மாற்றுவாள். நானும் தோண்டித் துருவவில்லை. தோண்டினால் என் பொய்தான் முதலில் வெளியே வரும்.

கணக்கெடுப்பு முடிந்த அன்று, மேட்டுக்குப் போன ஆள் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"முதல் கம்பத்துல மட்டும் அறுபத்தோரு பேர் மேடம். அஞ்சும் சேர்த்து இருநூறுக்கு மேல. விடியறதுக்கு முன்னாடியே வந்து நிக்கிறாங்க. ஒரு பஸ்ஸும் வரல. வராதுங்கன்னு சொன்னா என்னையே முறைக்கிறாங்க."

"வரும்னு அவங்களுக்கு யார் சொன்னாங்களாம்?"

"யாரோ ஒரு அக்காவாம். அவங்க தங்கச்சி நம்ம ஆபீஸ்ல இருக்காங்களாம். தங்கச்சி சொன்னா சொன்னதுதானாம்."

தட்டச்சுக்காரி என்னைப் பார்த்தாள். நான் வரைபடத்தைப் பார்த்தேன்.

நிதிக் குழுக் கூட்டத்தில் வரைபடங்களைப் புரட்டிக் காட்டுவது என் வேலை. குழுத் தலைவி வாய் திறந்தால் பக்கத்து அறைக்காரர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். இருபத்தேழாம் நம்பர் பக்கம் வந்ததும் மேஜையைத் தட்டினார்.

"இருநூறு பேர் காத்திருக்காங்க, ஏறினது ஒருத்தர்கூட இல்லன்னு போட்டிருக்கு. ஓடற ரூட்ல பஸ் வரலைன்னா டிப்போவுல என்ன தூங்கறாங்களா?"

நிதானம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதை இப்படியே விட்டால் டிப்போவைத் திட்டிவிட்டு நிதியைக் கொடுத்துவிடுவார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஆனால் டிப்போக்காரர் ஒன்றும் புரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்த ரூட் ஓடல மேடம்" என்றேன். "எப்பவுமே ஓடினதில்ல. நான் கோட்டைத் தப்பா போட்டுட்டேன். அதைப் பார்த்து கம்பம் நட்டாங்க. கம்பத்தைப் பார்த்து ஜனங்க வந்து நின்னாங்க."

"நின்னது நிஜமா?"

"நிஜம்."

"எவ்வளவு நாளா நிக்கிறாங்க?"

"ஒரு மாசமா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு மாசம் நிக்க வச்சிருக்கீங்க" என்றார். அப்போது அவர் குரல் உயரவில்லை. எனக்கு விளக்கக் கடிதம் கேட்டு நோட்டீஸ். இருபத்தேழாம் நம்பருக்கு ஆறு மாதம் சோதனை ஓட்டம், காலையில் நாலு நடை, மாலையில் நாலு நடை. எனக்கு நோட்டீஸ் காதிலேயே விழவில்லை. கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒருபாட்டம் அழுதேன்.

அக்காவிடம் தேதியைச் சொன்னேன். "சொன்னேன்ல எல்லார்கிட்டயும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பஸ் ஓடத் தொடங்கிய நாள் டிப்போவிலேயே போய் ஏறிக்கொண்டேன். விடிந்தும் விடியாத நேரம். ஆளில்லாத பஸ், ஜன்னலோர இருக்கை. சந்தையைத் தாண்டி மேடு ஏறத் தொடங்கியதும் பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. இதுவும் என் மேஜையில்தான் நடக்கிறதோ, யாராவது கூப்பிட்டு எழுப்பிவிடுவார்களோ என்று பயந்து முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துப் பார்த்தேன். கம்பி சில்லென்று இருந்தது. உச்சிக்குப் போய்த் திரும்பி, அக்காவின் தெருமுனையில் இருந்த முதல் கம்பத்தில் பஸ் நின்றது. திமுதிமுவென்று ஏறினார்கள். பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி, கட்டட வேலைக்காரர்கள், காலேஜ் பிள்ளைகள். யாரோ விசிலடித்தார்கள். கடைசியாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக அக்கா ஏறினாள்.

என் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் இருக்கையைத் தடவிக்கொண்டிருந்தாள். சலவைப் பிரிவுக்குப் போட்டுப் போகும் நீலச் சட்டை இல்லாமல், வீட்டு உடையில் இருந்தாள்.

"உன் நீலச் சட்டை எங்கக்கா?"

"அதைத் திருப்பிக் கொடுத்தாச்சு."

"எதுக்கு?"

"சலவைக்குப் புது ஒப்பந்தக்காரன் வந்திருக்கான். மாசத்துல அஞ்சு நாள் லேட்டா போனா அவனுக்கு ஆள் வேண்டாமாம். நான் இங்க நின்னு நின்னு, அப்புறம் நடந்து போறதுக்குள்ள லேட் ஆயிடுச்சு. வந்துடும் வந்துடும்னு நின்னுட்டேன்."

"எப்ப?"

"தலை எண்ண வந்தாங்களே, அதுக்கு மூணு நாள் முன்னாடி."

அப்படியென்றால் எண்ணிய அன்று அவள் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. சும்மா வந்து நின்றிருக்கிறாள். வீடு வீடாகக் கூப்பிட்டு மற்றவர்களையும் நிறுத்தியிருக்கிறாள்.

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா, என் வேலை போச்சேன்னு மறுநாளே ஆளைக் கூட்டிட்டு வந்து கம்பத்தைப் பிடுங்கியிருப்ப. உன்னைத் தெரியாதா எனக்கு?" என்றாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை பையன் வந்து கூட்டிட்டுப் போறான்" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் சரிவில் மிதந்து இறங்கியது. இரண்டரை கிலோமீட்டர் எப்போது முடிந்தது என்றே தெரியவில்லை. "ஒரு மேடு பள்ளம் தெரியல, பாரு. நல்லாத்தான்டி வளைச்சிருக்க" என்றாள் அக்கா.

மருத்துவமனை நிறுத்தம் வந்தது. அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். பின்னால் இருந்தவர்கள் இறங்க வழி விட்டாள். பிறகு மறுபடியும் உட்கார்ந்தாள்.