தயா வராத ஆட்டங்கள்

அது கை, சத்தியமாகக் கைதான், எங்கள் றுவைஸின் முழங்கையில் பட்டுத்தான் பந்து உள்ளே போனது, கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்கிற எனக்கே தெரிந்தது, மத்தியஸ்தருக்கு மட்டும் தெரியவில்லை, அவர் அந்த நேரம் பார்த்து முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார்... ஒன்றுக்குப் பூச்சியம். சுற்றி நிற்பவர்கள் எல்லாம் துள்ளுகிறார்கள், நானும் துள்ளினேன், துள்ளி முடிந்த பிறகு ஏன் நெஞ்சுக்குள் ஒரு மாதிரி இருக்கிறது? போன வருடம் எட்டு ஆட்டத்தில் ஏழு தோற்ற எங்கள் நங்கூரம் விளையாட்டுக் கழகம் இந்த வருடம் தொடங்கி நாலையும் வென்றுவிட்டது, இன்றைக்கு மூதூர்க்காரரையும் மடக்கினால் ஐந்து, பட்டியலில் முதலிடம். துறைமுகத்தடி ஐஸ் பக்டரியில் வாரம் முழுக்கக் கை விறைக்க நிற்கிறவனுக்குச் சனிக்கிழமை பின்னேரம் இதைவிட வேறென்ன வேண்டும்? ஒன்றும் வேண்டாம். எப்படி வென்றோம் என்று யோசிக்கத் தொடங்கினால்தான் தலை சுற்றுகிறது.

சாம்பல்தீவுக்காரரோடு முதல் ஆட்டம், அவர்களுடைய பெடியன் ஒருவன் தன் கீப்பருக்குத் தட்டிய பந்து கீப்பரைத் தாண்டி அவர்களுடைய கோலுக்குள்ளேயே உருண்டது, எங்கள் ஆள் ஒருவர்கூட அந்தப் பக்கம் இல்லை. திரியாய்க்காரருக்கு இரண்டு பெனால்டி, இரண்டும் கம்பத்தில் பட்டுத் திரும்பின. மூன்றாவதில் மான். கிண்ணியாக்காரர் எங்களைப் பிழிந்தெடுத்துக்கொண்டிருந்த நேரம் கோட்டைப் பக்கம் ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று வந்து நடு மைதானத்தில் ஆறுதலாகப் புல்லு மேய்ந்தது, விசில் ஊதப்போகிறார்கள் என்று அவர்கள் நின்றுவிட்டார்கள், எங்கள் பெடியன் மானையும் பார்க்கவில்லை மனிசரையும் பார்க்கவில்லை, பந்தைக் கொண்டுபோய் அடித்துவிட்டு வந்தான். நாலாவதில் எதிரணிக் கீப்பரின் கண்ணில் வெயில் அடித்தது. இதெல்லாம் விளையாட்டா? காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை. இவ்வளவும் எனக்கு நன்றாக விளங்குகிறது, விளங்கிக்கொண்டேதானே தயாவை வரவேண்டாம் என்று சொன்னேன்...

தயாவும் நானும் இருபது வருடமாக இந்தக் கம்பத்துக்குப் பின்னால்தான் நிற்கிறோம். இந்த வருடம் முதல் இரண்டு ஆட்டத்துக்கும் அவனுக்கு டெங்கு, வரவில்லை, இரண்டையும் வென்றோம். அப்போதுதான் பாஹிம், எங்களோடு நிற்கிற பெடியன், வாயை வைத்தான், “தயா அண்ணைட முழிவியளம் சரியில்லப் போல, அவர்ட முகத்தில முழிச்சாத் தோல்விதான், அவர் வராட்டித்தான் நாம வெல்லுறம்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதைத்தான் மறக்க முடியவில்லை. மூன்றாம் சனிக்கிழமை தயா பாதி உடம்பாகச் சந்தியில் மோட்டார் சைக்கிளோடு எனக்காகக் காத்து நின்றான், நங்கூரத்தின் நீலச் சட்டை அவனுக்குத் தொளதொளவென்று கிடந்தது. நான்தான் போய்ச் சொன்னேன், “மச்சான், இண்டைக்கும் வீட்டில நில்லன். சும்மா ஒரு பகிடிக்குத்தான்.” அவன் என்னையே பார்த்தான், பிறகு சிரித்தான், “ஓம் ஓம், கப்தானே முக்கியம்,” வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். அன்றைக்குத்தான் மான் வந்தது. நாலாவது ஆட்டத்துக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, அவன் தானாகவே வரவில்லை. சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது. அவனுடைய மனுசி புஷ்பவதி குவைத்துக்குப் போய் இரண்டு வருடம், பிள்ளையும் இல்லை, அந்த வீட்டில் சனிக்கிழமை பின்னேரம் அவன் என்ன செய்வான்? போன வருடம் தோற்ற ஏழிலும் நானும்தானே நின்றேன், பாஹிமும்தானே நின்றான், எங்களுடைய முகத்தில் என்ன மகாலட்சுமியா குடியிருக்கிறாள்? அப்படியென்றால் ஏன் அவன், ஏன் நான் இல்லை... அவன் கோபிக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும், அதனாலா?

ஐயோ, பார், கதைத்துக்கொண்டிருக்கும்போதே போட்டுவிட்டான். மூதூர்க்காரன் தலையால் முட்டினான், சுத்தமான கோல், ஒரு குற்றமும் சொல்ல ஏலாது. ஒன்றுக்கு ஒன்று. கீழே உட்கார்ந்த எங்கள் பெடியள் எழும்பமுதலே இன்னொன்று, இதுவும் சுத்தம். ஒன்றுக்கு இரண்டு. பாஹிம் தலையில் கைவைத்துவிட்டான். நான் என்ன செய்தேன் தெரியுமா, பந்தைப் பார்க்கவில்லை, திரும்பி வாசலைப் பார்த்தேன். ஐஸ்கிரீம் வான், இரண்டு பொலிஸ்காரர், ஆட்டோக்கள், நீலச் சட்டை போட்ட ஒவ்வொரு முகமாகத் தேடினேன். தயா இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது, தோற்கிறோமே என்ற ஏமாற்றம் இல்லை, அவன் அங்கே நிற்கவில்லையே என்ற ஏமாற்றம். அவன் ஒளித்து நின்று பார்த்திருந்தால் அதனால்தான் தோற்கிறோம் என்று கணக்குச் சரியாக வந்திருக்கும், பாஹிம் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. சீ, என்ன மனிசன் நான்? அல்லது அவனைக் காணவேண்டும் என்ற ஆசையில்தான் தேடினேனா... இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க ஏலுமா?

பொக்கட்டுக்குள் போன் அதிர்கிறது, தயாதான், ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்த நேரத்துக்குத்தான் எடுப்பான்.

“என்ன மச்சான், எப்பிடிப் போகுது?”

சொல்லு, சொல்லிவிடு, நாங்கள் தோற்கிறோம், நீ வரவும் இல்லை, உன்னில் ஒரு பிழையும் இல்லை, அடுத்த கிழமை வா என்று சொல்லு...

“ஒண்டுக்குப் பூச்சியம்,” என்றேன். “வெல்லுறம்.”

“ஆர் அடிச்சது?”

“றுவைஸ்.”

“நம்மட றுவைஸ்!” அந்தக் குரலில் இருந்த சந்தோசத்தைக் கேட்க முடியவில்லை. பிறகு கொஞ்சம் மெதுவாக, “அப்ப நான் வராதது நல்லதாப் போச்சு, என்ன?” பகிடிபோலத்தான் சொன்னான். “சரி வை, ஆட்டத்தப் பார்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? நாளைக்கு யாராவது சொல்லிவிடுவார்கள், ஒரு இரவுகூடத் தாங்காத பொய். அவன் சந்தோசப்படட்டும் என்றா? இல்லை, தோற்கிறோம் என்று சொன்னால் மூன்று சனிக்கிழமையாக அவனைச் சும்மா வீட்டில் இருத்தினேன் என்று ஆகிவிடும், அதற்கா? இன்னும் இரண்டு நிமிடம்தான் இருக்கிறது, எங்களுக்கு ஒரு பிறீ கிக், றுவைஸ் பந்தை வைக்கிறான், பாஹிம் என் தோளைப் பிடித்து உலுக்குகிறான், “அண்ணை, கத்துங்கோ!” இது உள்ளே போனால் இரண்டுக்கு இரண்டு, இன்னும் ஒருதரமும் தோற்காத அணி, அடுத்த கிழமையும் தயா வீட்டில்தான். போகாவிட்டால் இன்றைக்கே அவன் வாசலில் போய் நின்று எல்லாவற்றையும் சொல்லவேண்டும். இருபது வருடத்தில் முதல் தடவையாக, எந்தப் பக்கத்துக்குக் கத்துவது என்று தெரியாமல் வாயைத் திறந்தபடி நின்றேன். றுவைஸ் பின்னுக்கு நாலு அடி எடுத்து வைத்தான்.