தூசி என்று எழுதியவர்

தகட்டை வெளிச்சப் பெட்டியின் மேல் வைத்ததும் முதலில் கண்ணில் பட்டது மை. தொலைநோக்கியில் எடுத்த படங்களான எங்கள் கண்ணாடித் தகடுகளில் வானம் வெளுப்பாக இருக்கும், நட்சத்திரங்கள் கரும்புள்ளிகள். ஒரு பக்கம் படப்பூச்சு, மறுபக்கம் வெறும் கண்ணாடி. நூறு வருடங்களுக்கு முன்னால் இந்த வானாய்வகத்தில் நட்சத்திரங்களை அளந்து கணக்கிடும் வேலை பார்த்த பெண்கள் அந்த வெறும் பக்கத்தில்தான் மையால் குறித்துவைத்தார்கள். தொலைநோக்கியைத் தொட அவர்களுக்கு அனுமதி இல்லை. பகலில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்க்கலாம்.

ஒரு புள்ளியைச் சுற்றிக் கடுகளவு வட்டம். பக்கத்தில் பொடி எழுத்தில், 'ஒளி மாறுகிறது. மறுபடி பார்க்க வேண்டும்.' தேதி, இரண்டு முதலெழுத்துகள். அதன் கீழே சிவப்பு மையில், வேறு கையெழுத்தில், ஒரே சொல்: 'தூசி.'

சிவப்புக் கையெழுத்து எனக்குத் தெரியும். வாசல் கூடத்தில், அந்தக் காலத்தில் இந்த வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த பெரியவரின் சிலைக்கு மேலே அவருடைய கடிதம் ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. வட்டத்துக்குள் இருந்த இந்த நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர் என்றுதான் அவருக்குச் சிலை. அறிவித்த தேதியைப் பீடத்தில் பொறித்திருக்கிறார்கள். கண்ணாடியில் இருந்த தேதி அதற்குப் பதினோரு வாரம் முந்தியது. இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். காது சூடானது.

மையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, பிறகு துடைத்து, பிறகு ஸ்கேன் செய்ய வேண்டும் என்பதுதான் பழைய வழக்கம். அந்தக் கண்டுபிடிப்பின் நூற்றாண்டு விழாவுக்குள் முடிக்க வேண்டும் என்று இரண்டு மாதமாக முதல் படியை நிறுத்திவிட்டார்கள். இந்த அறைக்குள் செல்போன் கொண்டுவரவும் கூடாது. துடைப்பது இந்த அறையில் என்னோடு வேலை பார்க்கும் அக்காவின் வேலை. பிளேடும் ஆல்கஹாலும் பஞ்சும் வைத்துக்கொண்டு ஆறு வருடமாகத் துடைக்கிறார். இதை மட்டும் தொடாதீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு ஆறாவது மாடிக்குப் படியேறினேன்.

பிரிவுத் தலைவருக்கு அக்கா வைத்த பெயர் நெப்டியூன். ஒரு சுற்று வர நூற்றறுபத்தைந்து வருடம் ஆகுமாம், எங்கள் அறைக்கு அவர் வருவதும் அப்படித்தானாம். அவர் முன்னால் எனக்குக் குரல் எழும்பாது. அன்று எழும்பியது. ஒரே ஒரு படம் எடுக்க அனுமதி கேட்டேன். தகட்டு எண்ணைக் கேட்டார். விழாவில் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்போகிற தகடே அதுதான் என்றார்.

"அந்தக் காலத்துல உதவிக்கு இருந்தவங்க ஆயிரம் கோடு போட்டிருப்பாங்க. அதெல்லாம் வரலாறு இல்லம்மா. கறை."

"சார், அந்தத் தேதி..."

"நீ ஸ்கேனைப் பாரு."

இறங்கி வரும்போது ஒவ்வொரு படியிலும் அவருக்கு ஒரு பதில் தோன்றியது. 

கீழே தகடு பளிச்சென்று இருந்தது. அக்கா பஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். பஞ்சில் கறுப்பும் சிவப்பும்.

"நீ படியிறங்குறதுக்குள்ள நெப்டியூன் போன் பண்ணிட்டாரு. உடனே துடைன்னாரு."

நான் கத்தினேன். என் வாழ்க்கையிலேயே யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை. சொல்லிவிட்டுத்தானே போனேன், கண் எங்கே போயிற்று என்று கேட்டேன். மேலே கேட்க வேண்டியதையெல்லாம் இங்கே கேட்டேன். அக்கா கையுறையை விரல் விரலாகக் கழற்றினார்.

"ஆறு வருஷமா துடைக்கிறேன். இது இன்னாருடையது, இன்னது எழுதியிருக்குன்னு இங்க ஒருத்தர் எனக்குச் சொன்னதுண்டா? நீயாவது சொன்னியா?"

சொன்னதில்லை. இப்போது சொன்னேன். வட்டம், தேதி, தூசி. அக்கா பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பெரியவரை ஒரு வார்த்தையில் திட்டினார். அதை இங்கே எழுத முடியாது.

தகட்டைக் கையில் எடுத்தேன். நூறு வருடம் மை மூடியிருந்த இடத்தில் கண்ணாடி வேறு மாதிரி மூத்திருக்க வேண்டும். மை போனாலும் அந்த வித்தியாசம் போகாது, மூச்சின் ஈரம் பட்டால் தெரியும். வெறும் பக்கத்தை வாய்க்கு அருகே கொண்டுபோய், ஆத்திரத்தில் முட்டிக்கொண்டிருந்த மூச்சை மெதுவாக விட்டேன்.

பனிப்படலத்தில் வட்டம் வந்தது. பிறகு எழுத்து. தேதி. நான் படித்து முடிப்பதற்குள் ஓரத்திலிருந்து காயத் தொடங்கியது.

அக்கா வெளியே போனார். எங்கள் செல்போன்களை வைத்துப் பூட்டும் பெட்டகம் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து கதவைத் தாழிட்டார். கையில் செல்போன்.

"ஊது," என்றார்.

ஊதினேன். படம் கலங்கியது. மறுபடி என்றார். மேசையில் போன் அடித்தது, ஆறாவது மாடி. இருவரும் எடுக்கவில்லை. என் மூச்சில் அந்தப் பெண்ணின் எழுத்து வந்து வந்து போனது. சிவப்பு மை இருந்த இடம்தான் ஒவ்வொரு முறையும் முதலில் காய்ந்தது. அலமாரி அலமாரியாக, துடைத்த தகடுகள் எங்களைச் சுற்றி நின்றன.