பதினோராம் வருடம்

கோந்து வாளியோடு வாசற்படி ஏறி வந்தவனையும் துக்கம் கேட்க வந்தவன் என்றே நினைத்து, மாடியில் குடியிருக்கும் டெய்லரக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவனும் உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகுதான் ஹால் நடுவே வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தவரைப் பார்த்தான். வாளியைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினான்.

அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்த மகள் அதைப் பார்த்துவிட்டாள். எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"கோர்ட்டா?"

"ஆமா மேடம். சத்தியமா எனக்குத் தெரியாது. வெளிய நெறைய செருப்பு கெடந்துச்சு, ஏதோ விசேஷம்னு நெனச்சேன்."

"விசேஷந்தான்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனைத் திட்டி என்ன பிரயோஜனம்? ஆனாலும் யாரையாவது திட்ட வேண்டும்போல் நேற்று மாலையிலிருந்து அவளுக்கு வாய் துறுதுறுத்தது.

அப்பாவுக்குக் குழாய் வேலை. முப்பது வருடம் அடுத்தவர்களின் வாடகை வீடுகளில் ஒழுகலை அடைத்தவர். "நான் குழாய மாட்டறேன், ஓனர் வீட்ல பணம் கொட்டுது" என்று சிரிப்பார். நான்கு போர்ஷன் உள்ள இந்தப் பழைய கட்டடம் விலைக்கு வந்தபோது விரல்விட்டுச் சொன்னார்: ஒன்றில் நாம் இருப்போம், இரண்டு வாடகை தவணைக்குப் போகும், ஒன்று கையில் நிற்கும்.

கடன் கேட்டுப் பேங்குக்குப் போனபோது, முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று வேண்டும் என்றார் மேனேஜர். இடத்தின் மேல் அடமானமோ பழைய கடனோ இருந்தால் அதில் தெரிந்துவிடும். அதைச் சொல்லும்போது அவர் பார்வை அப்பாவின் நகக்கண்ணில் இருந்த கறுப்பின் மேலேயே இருந்தது. அவளுக்கு அப்போது இருபது வயது. வணிகவியல் கடைசி வருடம். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வெளியே வந்ததும் பொரிந்து தள்ளினாள்.

"நம்ம மூஞ்சியப் பாத்துதாம்ப்பா முப்பது வருஷம் கேக்கறான். கோட்டு போட்டவன்கிட்ட கேப்பானா? விடுப்பா, இவன் தயவு நமக்கு எதுக்கு?"

ஃபைனான்ஸ் கம்பெனிக்காரன் பழைய பேப்பர் எதுவும் கேட்கவில்லை. வட்டியை மட்டும் சொன்னான். இருந்தாலும் ஒரு மனநிறைவுக்கு அவளே அப்பாவைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் விண்ணப்பம் எழுதினாள். வருடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம்.

"எத்தன வருஷத்துக்கும்மா?"

"பத்து போதும்ப்பா."

வந்த தாளில் ஒன்றுமில்லை. "வில்லங்கமே இல்லப்பா, தைரியமாக் கையெழுத்துப் போடு" என்றாள். மிச்சமான காசில் இருவரும் ஆளுக்கொரு பழச்சாறு குடித்தார்கள். அப்பா தன் டம்ளரில் பாதியை அவளுக்கு ஊற்றினார்.

பழைய ஓனர் கட்டடத்தை அடமானம் வைத்தது அந்தப் பத்துக்கும் முந்தைய பதினோராம் வருடத்தில்.

அடமானம் பிடித்தவர் அசலும் வட்டியுமாக வழக்கோடு வந்தார். விற்றவன் போன இடம் தெரியவில்லை. குடியிருப்பவர்கள் கொடுத்த அட்வான்ஸ் வக்கீலுக்குப் போனது. வாடகை ஃபைனான்ஸுக்குப் போனது. அறுபத்திரண்டு வயதில் அப்பா மறுபடி ஸ்பேனர் பையைத் தூக்கினார். நேற்று யாரோ ஒருவர் வீட்டு சிங்குக்கு அடியில், படுத்த வாக்கிலேயே போய்விட்டார். அவர் தூங்குகிறார் என்று அந்த வீட்டுக்காரர்கள் ஒரு மணி நேரம் எழுப்பவில்லையாம்.

"ஏய்யா, நேரா பொணத்து மேலயே ஒட்டிட்டுப் போயேன்!" டெய்லரக்கா வாளியைப் பார்த்துவிட்டாள். "என் அட்வான்ஸ் என்னாகும்னு நான் வாயத் தொறந்தனா? எடுக்கற வரைக்கும் பொறுப்போம்னு அடக்கிக்கிட்டு இல்ல?"

"அக்கா, விடுங்க."

"நீ என்னடி பண்ணுவ, பாவம். அடமானம் இருக்கும், வாங்காதீங்கன்னு அப்பவே தலபாடா அடிச்சுக்கிட்டியாமே."

அவள் திரும்பினாள். "யாரு சொன்னா?"

"அண்ணந்தான். 'எம்பொண்ணு படிச்சுப் படிச்சு சொன்னா, இந்த மரமண்டைதான் கேக்கல'ன்னு. யார்கிட்டதான் சொல்லல? வக்கீல்கிட்ட சொன்னாரு, உங்கம்மாகிட்ட சொன்னாரு."

அம்மா உள்ளேயிருந்து அதைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தே கேட்டாள். "புள்ள பேச்சக் கேட்டியாய்யா? ஒரு தடவ கேட்டியா? இப்ப நான் எங்கய்யா போவேன்?"

அவள் வாயைத் திறந்தாள். நான்கு வருடமாகச் சொல்லாதது நாக்கு வரை வந்தது. அம்மா அப்பாவின் நெஞ்சில் கையை வைத்து உலுக்கிக்கொண்டிருந்தாள், எழுப்பிப் பதில் வாங்குகிறவள் போல.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வந்தவன் மெதுவாக எழுந்தான். "இன்னிக்கிதான் மேடம் கடைசி நாளு. ஒட்டி போட்டோ அனுப்பலன்னா என் வேல போயிரும்."

"குடுங்க."

நோட்டீஸை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தாள். பன்னிரண்டு நாளில் ஏலம். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒன்றுமில்லை.

"ஒட்டுங்க."

"கதவுலதான் மேடம் ஒட்டணும். சாத்தியிருக்கணும். கதவு நம்பரும் நோட்டீஸும் ஒண்ணாத் தெரியணும். உள்ள அவரு... தெரியக் கூடாது."

வந்திருந்தவர்கள் படியிலிருந்து விலகினார்கள். டெய்லரக்கா தலையில் அடித்துக்கொண்டு நகர்ந்தாள். அவள் வெளியே நின்று கதவை இழுத்துச் சாத்தினாள். அவன் கோந்தைத் தடவி ஒட்டி, உள்ளங்கையால் நீவினான். போனை எடுத்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனான்.

"கைய எடுங்க மேடம்."

"எடுத்தா தெறந்துக்கும். தாழ்ப்பாள் சரியில்ல."

ஊர் வீட்டுத் தாழ்ப்பாளையெல்லாம் சும்மாவே முடுக்கிக் கொடுத்த அப்பா, இதை மட்டும் இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

"சரி, விரல் தெரிஞ்சா பரவால்ல."

மரத்துக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குரல் அடங்கிக் கேட்டது. "யாருடி கதவச் சாத்துனது? அவருக்குக் காத்து வரட்டும்."

அவன் போனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான்.

"ஆடிருச்சு மேடம். இன்னொண்ணு எடுத்துக்கறேன்."

அவள் இரண்டு கைகளாலும் கதவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.