மூன்று பாட்டில் கடல்

எழிலரசி படித்தது கடலைப் பற்றி. பிறந்ததோ அடி அண்ணாமலையில். கடலுக்கும் அந்த ஊருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கடலூர்ப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, லீவுக்கு வரும்போதெல்லாம் யாராவது தெருவிலேயே மறித்து, "வஞ்சிரம் எடுத்தாந்தியா?" என்று கேட்பார்கள். தான் பார்ப்பது மீனை இல்லை, மீனுக்குத் தீனியாகிற மிதவைப் பாசியை, அது மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கண்ணுக்கே தெரியாத ஒன்றைப் பார்க்க ஒருத்திக்குச் சம்பளம் கொடுக்கிறார்களே என்று ஊர் அவள் முதுகுக்குப் பின்னால் சிரித்தது. சில சமயம் முகத்துக்கு நேராகவும் சிரித்தது.

இந்த முறை அவள் மூன்று பெரிய கண்ணாடி பாட்டில்களில் கடல் தண்ணீரைச் சுமந்துகொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். மறுநாள் பௌர்ணமி, மீன் இல்லாததும் ஒரு வகையில் நல்லதுதான் என்று அம்மா தனம் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் அண்ணன் இளவரசன். ஏரிப் பாசனக்காரர்களுக்கு அவன்தான் தலைவர். பொங்கலுக்கு வந்தபோது எழிலரசி அவனிடம் மாட்டிக்கொண்டாள். ஆற்று முகத்துவாரத்தில் மீன்கள் வயிறு மேலாக மிதந்து கரை ஒதுங்கியதையும், அந்த நாற்றத்தில் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு நடந்ததையும், வலையெல்லாம் பச்சைச் சளி மாதிரி வழிந்ததைக் கழுவ முடியாமல் மீனவர்கள் பட்ட பாட்டையும் சொன்னாள். பாசி அளவோடு இருந்தால் கடலுக்கு அதுதான் சோறு. வயலில் போட்ட உரமும் ஊர்ச் சாக்கடையும் வந்து சேர்ந்தால் அது ஒரேயடியாகக் கொழுக்கும். கொழுத்தது செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கிற காற்றைத் தின்று தீர்த்துவிடும். மீன் மூச்சு முட்டிச் சாகும். "நம்ம வடிகால் துரிஞ்சலாத்துல வுழுது, அது தென்பெண்ணையில சேருது, தென்பெண்ணை கடலூர்ல கடல்ல சேருது. நீ போடற யூரியால பாதியை நெல்லு தின்றதே இல்லண்ணா" என்றாள்.

"எங்க யூரியா கடலூருக்குப் போவுதா?" என்றான் இளவரசன். "எப்பிடி, டிக்கெட் வாங்கிக்கினு பஸ்ல போவுதா?"

கூட இருந்த பாசனக்காரர்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். பக்கத்து வயல்காரர் அப்பாசாமிக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. அன்றைக்கு எழிலரசிக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. செவிடன் காதில் சங்கு ஊதுவதைவிட இவர்களிடம் பேசுவது மோசம், செவிடனாவது சிரிக்க மாட்டான் என்று நினைத்தாள். கடைசியில் அண்ணனே ஒரு வழி சொன்னான். "கண்ணுல காமி. காமிச்சினா இந்தப் போகம் நான் பாதி யூரியாதான் போடுவேன். எல்லாரையும் அப்பிடியே போடச் சொல்றேன்."

அதற்காகத்தான் இந்த மூன்று பாட்டில். படகில் வெகுதூரம் போய், உரமும் சாக்கடையும் எட்டாத இடத்தில் எடுத்த தண்ணீர். முதல் பாட்டிலில் வெறும் கடல் தண்ணீர். இரண்டாவதில் அண்ணனின் வயல் வடிகாலிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் சேர்த்தாள். மூன்றாவதில் இரண்டு டம்ளர். மூன்றையும் மொட்டைமாடியில் வெயில் படும்படி வரிசையாக வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பாசனக்காரர்கள் வீட்டில் கூடும்போது முதலாவது தெளிவாகவும், இரண்டாவது இளம்பச்சையாகவும், மூன்றாவது கரும்பச்சையாகவும் இருக்கும். வாயால் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

"இத யாரும் தொடக் கூடாது" என்று வீட்டில் ஒவ்வொருத்தரிடமும் தனித்தனியாகச் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோரும் தலையாட்டியபோதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வீட்டில் அப்போது யாருக்கும் பாட்டிலைப் பற்றிக் கவலை இல்லை. அண்ணி நந்தினியின் கைக்குழந்தை பற்றித்தான் கவலை. இன்னும் தலை நிற்காத பெண் குழந்தை. கொஞ்ச நாளாகவே சோர்ந்து சோர்ந்து தூங்குகிறது, வீறிட்டு அழவேண்டிய நேரத்தில் முனகுகிறது, உதட்டோரம் லேசாகக் கருத்திருக்கிறது. தாய்ப்பால் போதாமல் புட்டிப்பால்தான். நந்தினி சுத்தத்தில் குறை வைக்கிறவள் இல்லை. பால் பவுடர் கலக்கிற தண்ணீரைத் தளதளவென்று நெடுநேரம் கொதிக்க வைத்த பிறகுதான் அடுப்பிலிருந்து இறக்குவாள்.

"அண்ணி, டாக்டராண்ட காட்டுனீங்களா?" என்று எழிலரசி கேட்டாள்.

"பௌர்ணமிக் கூட்டம் ஓயட்டும், திங்கக்கெழமை போவலாம்னு உங்கண்ணன் சொன்னாரு. அத்த வேற திருஷ்டின்றாங்க."

கிரிவலப் பாதையில் தனத்துக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. கடந்த பௌர்ணமிக்கு அங்கே வந்து உட்கார்ந்தவர்களெல்லாம் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினார்கள், கன்னத்தைக் கிள்ளினார்கள். அத்தனை கண்ணும் பட்டுவிட்டது என்பது தனத்தின் கட்சி. கன்னத்தில் மை, இடுப்பில் கறுப்புக் கயிறு, வாசலில் பூசணிக்காய் எல்லாம் ஆகியிருந்தது. எழிலரசி தலையில் அடித்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

வியாழக்கிழமை முதல் பாட்டில் லேசாகப் பச்சை தட்டியிருந்தது. வெளிச்சத்தின் மயக்கமோ என்று தூக்கிப் பார்த்தாள். மயக்கமில்லை. வெள்ளிக்கிழமை அது இரண்டாவது பாட்டிலை எட்டிப் பிடித்தது. பாட்டிலைச் சரியாகக் கழுவாமல் விட்டோமா, டம்ளரை மாற்றி விட்டோமா, படகிலேயே தண்ணீர் கெட்டுவிட்டதா என்று யோசித்து யோசித்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மாடி ஏறியபோது, ஒன்றுமே கலக்காத முதல் பாட்டில் மற்ற இரண்டையும் தோற்கடித்துவிட்டுக் கீரைக் கடைசல் மாதிரி நின்றது.

பின்னாலேயே இளவரசன் வந்தான். மூன்றையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகத்தில் சந்தோஷம் பொங்கியது.

"ஏ எழிலு, உரம் ஊத்தாததுதான ஜாஸ்தி பச்சையா இருக்குது? ஊத்துனது கம்மியா இருக்குது. அப்ப கடல் நல்லா இருக்கணும்னா நாங்க இன்னும் ஒரு மூட்ட சேத்துப் போடணும், அதான?"

"அண்ணா, போயிடு. சொல்லிட்டேன், போயிடு."

"பத்து மணிக்கு எல்லாரும் வந்துருவாங்க. அப்பாசாமி மாமா, பொறந்த பேத்தியப் பாக்க வந்த மருமவனையும் கூட்டிக்கினு வர்றாராம், வேடிக்க பாக்க."

எழிலரசிக்கு அழுகை முட்டியது. இத்தனை தூரம் படகில் வாந்தி எடுத்துக்கொண்டு போய் எடுத்த தண்ணீர். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தது. இனி அவள் கடலைப் பற்றி இந்த ஊரில் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் இந்த முதல் பாட்டிலைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அடுத்த வருஷமும் அங்கே மீன் சாகும், இங்கே இவர்கள் தொடையைத் தட்டுவார்கள். அவள் மாடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சத்தமாகவே சொன்னாள். "யாரோ தொட்டிருக்கீங்க. யாருன்னு சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன்."

திட்டுவாள் என்று எல்லோருக்கும் தெரியும். படிக்கட்டில் பாதி ஏறி நின்றிருந்த தனம், முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே மெல்ல வாயைத் திறந்தாள்.

"பௌர்ணமி அன்னிக்குக் கடல் தண்ணி தெளிச்சா திருஷ்டி போவும்னு உனக்கே தெரியும். அதுக்குன்னு பாண்டிச்சேரி வரைக்கும் ஆளு அனுப்பறாங்க. வூட்லயே இருக்கும்போது சும்மா வுடுவாங்களா? கொஞ்சம் மஞ்சத்தூள் போட்டு, மாவிலையால கடையில தெளிச்சேன், வூட்ல தெளிச்சேன், கொழந்த தொட்டியச் சுத்தித் தெளிச்சேன். வயலு தண்ணி கலந்ததத் தொடல. நல்லா இருந்ததத்தான் எடுத்தேன்."

"எவ்ளோ எடுத்த?"

"கொஞ்சந்தான்."

"ம்மா!"

"முக்கா பாட்டிலு. ஆனா நான் அப்பிடியே வுடல. நீ கத்துவியேன்னு திரும்ப ரொப்பி வச்சிட்டேன். கல்லுப்பு போட்டு, நாக்குல வச்சிப் பாத்து, அதே உப்பு வர்ற மாதிரிதான் ரொப்பினேன். உனக்கு எந்தக் கொறையும் வெக்கல."

இளவரசன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எழிலரசி எழுந்துவிட்டாள். திட்ட மாட்டேன் என்ற வாக்கெல்லாம் காற்றில் போனது. "உன்ன யாரு ரொப்பச் சொன்னது? காலியா வச்சிருந்தாகூடப் புரிஞ்சிருக்கும்! கடல்னா உப்புத் தண்ணின்னு நெனச்சிட்டியா? எந்தச் சாக்கடையிலருந்து மொண்டாந்து ஊத்துன, வடிகால்லருந்தா?"

தனத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "சாக்கடையா? ஏன்டி, நம்ம போர் தண்ணிடி அது! நம்ம குடிக்கிற தண்ணி. கண்ணாடி மாதிரி இருக்கும். நேரா சமையக்கட்டு கொழாயிலருந்து புடிச்சேன்."

எழிலரசி சட்டென்று திரும்பினாள். முதல் பாட்டிலைப் பார்த்தாள். அடியில் மிச்சமிருந்த கால் பாட்டில் கடல் தண்ணீரிலிருந்த பாசிக்குப் புதிதாகக் கிடைத்தது வீட்டுத் தண்ணீரும் கல்லுப்பும். வெறும் உப்பைத் தின்று பாசி இப்படிக் கொழுக்காது. வயல் வடிகாலை இரண்டு டம்ளர் குடித்த பாட்டிலையே தோற்கடித்திருக்கிறது என்றால், அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது? போர் இருப்பது வயல் வரப்பிலிருந்து பத்தடியில். எத்தனை போகத்து யூரியா அந்த மண்ணுக்குள் இறங்கியிருக்கும்.

"போர் தண்ணியா?" என்று மெதுவாகக் கேட்டாள். "கொழந்தைக்குப் பால் கலக்கறது?"

"வேற எதுல கலக்குவாங்க? அதே போர்தான். நந்தினி நல்லா கொதிக்க வெச்சித்தான குடுக்கறா."

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உரச்சத்து சாகாது; தண்ணீர் ஆவியாகப் போகப் போக அது இன்னும் கெட்டியாகும். பெரியவர்கள் குடித்தால் வெளியே தெரியாது. பச்சைக் குழந்தைக்கு அது ரத்தத்தையே கெடுக்கும்; மூச்சு விட்டாலும் காற்று உடம்பில் சேராது. சோர்ந்து தூங்கும். உதடு கருக்கும். கடலில் மீனுக்கு நடந்ததைப் பக்கம் பக்கமாக எழுதியவள், வீட்டுக்குள் அந்த உதட்டைப் பார்த்துவிட்டு பாட்டிலைக் காவல் காக்க மாடிக்கு வந்திருக்கிறாள்.

படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள். சமையலறையில் நந்தினி புட்டியைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். எழிலரசி அதைக் கையிலிருந்து பிடுங்கினாள்.

"எழிலு! இன்னாது இது?"

"அண்ணி, ஒரு சொட்டு கூடாது. இந்தத் தண்ணியில ஒரு சொட்டு கூடாது." பின்னால் வந்த அண்ணனிடம் திரும்பினாள். "வண்டிய எடு. ஆஸ்பத்திரிக்கு. திங்கக்கெழம இல்ல, இப்ப."

"யேய், என்னா ஆச்சி?"

"அந்தப் பாட்டிலப் பச்சையாக்குன உரம் நம்ம போர் தண்ணியில இருக்குது. அதேதான் உன் பொண்ணு வயித்துலயும் இருக்குதுண்ணா."

அவன் தொட்டிலில் கிடந்த குழந்தையைப் பார்த்தான். காலை வெளிச்சத்தில் அதன் உதடும் நகங்களும் நாவல்பழம் தின்றது போல இருந்தன. இளவரசன் வண்டிச் சாவியை எடுத்தான். செருப்பு போடக்கூட நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையைப் பார்த்ததும் முதலில் ஆக்ஸிஜன் வைத்தார். ரத்தம் எடுத்தபோது அது சிவப்பாக இல்லை, காபி டிகாஷன் மாதிரி இருந்தது. "வீட்ல என்ன தண்ணி?" என்று கேட்டார். எழிலரசி சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கே கொண்டு வந்தீங்க, தப்பிச்சீங்க" என்று ஊசி மருந்தை எடுக்கச் சொன்னார். நந்தினி, "நான் நல்லாத்தான கொதிக்க வெச்சேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எழிலரசி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து குழந்தை வீறிட்டு அழுகிற சத்தம் கேட்டது. அந்தக் குழந்தை அப்படி அழுது எத்தனையோ நாளாகியிருந்தது.

அப்போதுதான் இளவரசனின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் அப்பாசாமியின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது.

"எங்கப்பா போயிட்ட? நாங்க எல்லாம் வந்து மாடியில குந்திக்கினு இருக்கறோம். தனம் அழுவறாளே தவிர ஒண்ணும் சொல்ல மாட்றா. ஏம்பா, மொதல் பாட்டிலு இவ்ளோ பச்சையா இருக்குதே, யாரு வயலு தண்ணி அது?"

எழிலரசி அண்ணனைப் பார்த்தாள். டிக்கெட்டு, பஸ்ஸு என்று அவன் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்லலாம்தான். சொல்ல மனசு வரவில்லை.

"வயலு தண்ணி இல்ல மாமா" என்றான் இளவரசன். "எங்க வூட்டு சமையக்கட்டு தண்ணி. உங்க போரும் வயலாண்டதான இருக்குது? உங்க பேத்திக்கு எந்தத் தண்ணியில பால் கலக்கறாங்க?"

அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. பிறகு அப்பாசாமி மாடிப்படியில் தடதடவென்று இறங்குவதும், "ஏ சந்திரம்மா, சந்திரம்மா" என்று தன் வீட்டைப் பார்த்து மகளைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டே ஓடுவதும் போனில் கேட்டது.