ஜாக்கி தாங்காது

'கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்துல இந்த மனுஷனோட முகத்தைவிடக் காலோடதான் அதிகமாப் பேசியிருக்கேன்.'

பட்டறை வாசலில் நின்ற லாரிக்கு அடியிலிருந்து அவள் கணவனின் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. வண்டியின் முன்பக்கத்தை ஒற்றை ஜாக்கி தூக்கிப் பிடித்திருந்தது. கிளட்ச் குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும். அவன் அடியில் நட்டைத் திறக்கும்போது மேலே ஒருவர் மிதியை மிதிக்க வேண்டும். அது எப்போதும் அவள் வேலை.

முட்டுக் கொடுக்கும் இரும்பு ஸ்டாண்டுகள் இரண்டும் பக்கத்து பஸ்ஸுக்கு அடியில் இருந்தன. பின்னால் கிடந்த மரக்கட்டைகளை இழுத்துவர அரைமணி ஆகும், இது பத்து நிமிஷ வேலை என்று சொல்லித்தான் உள்ளே நுழைந்திருந்தான். தக்காளி லோடு அழுகுகிறதென்று டிரைவர் வேறு காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நின்றார்.

படியில் கால் வைத்தவளுக்குச் சுருக்கென்றது. சற்றுமுன், ஜாக்கி ஏற்றிய கையோடு சாவி எடுக்கப் போனபோது கைப்பிடியைப் பற்றித் தொங்கித்தான் ஏறியிருந்தாள். இப்போது கால் எளிதாக எட்டியது. குனிந்து பார்த்தாள். ஜாக்கியிலிருந்து கசிந்த எண்ணெயில் அதன் அடியிலிருந்த மண் ஊறியிருந்தது.

அவள் ஏறும்போதெல்லாம் வண்டி லேசாக ஆடும். அது யாருடைய நெஞ்சுக்கு மேலே ஆடியது என்று இத்தனை வருஷத்தில் அவ்வளவாக நினைத்ததில்லை. நினைத்த நாட்களிலும், வாயைத் திறந்தால் அபசகுனம் என்பானே என்று விழுங்கியிருந்தாள்.

வண்டி அசையாமல் காலை எடுத்தாள்.

"வெளிய வாங்க. ஜாக்கி இறங்குது."

"ஏறி மிதிடி. முடிஞ்சிடும்."

"தங்கச்சிக்குப் பயம் போல," டிரைவர் சிரித்தார். "நகரும்மா, நான் மிதிக்கிறேன்."

அவள் நகரவில்லை. வண்டியில் முதுகு படாமல், கதவை மறித்து நின்றாள். சற்று நேரம் கால்கள் அசையவில்லை. பிறகு குதிகால்கள் மண்ணைத் தேய்த்தன. முழங்கால், இடுப்பு, கடைசியில் கிரீஸ் அப்பிய முகம்.

அவன் ஜாக்கியைப் பார்த்தான். ஆனாலும் வீம்பு விடவில்லை.

"சரி, ரெண்டு பம்ப் அடிச்சு ஏத்திடறேன். ஒரே ஒரு தடவை மிதிச்சிடு."

"ஜாக்கி தூக்குறதுக்குத்தாங்க, தாங்குறதுக்கு இல்ல. முட்டுக் கொடுக்காத வண்டிக்கு அடியில எப்பேர்ப்பட்ட மெக்கானிக்கும் படுக்கக் கூடாது. பத்து நிமிஷ வேலைன்னு நாம நெனைக்கலாம், இரும்புக்கு அது தெரியாது."

"லோடு அழுகுதுங்கிறார்ல?"

"அழுகட்டும்," என்றாள் மெதுவாக. "கட்டை வைக்கிறவரைக்கும் நான் ஏற மாட்டேன்."