விரல் நீட்டிய தொகுதி

டால்மன் கவுண்டியின் புதிய தொகுதி வரைபடத்தை நீதிமன்றக் கட்டடத்துச் சுவரில் ஒட்டிய அன்று, வெர்டெல் பெட்டவே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று முறை பார்த்தாள். இரண்டாம் தொகுதி ஒரு விரலை நீட்டியிருந்தது. பெரிய சாலையில் கிளம்பிய அந்த விரல், ஸ்வீட்கம் ரோட்டின் தார் அகலத்துக்கு மட்டும் ஒன்றரை மைல் ஓடி, வழியில் ஒரு வீட்டு வாசலையும் தொடாமல் போய், கடைசியில் ஒரே ஒரு வீட்டை நக இடுக்கில் சிக்கிய அழுக்கைப் போல அடக்கிக்கொண்டு நின்றது. அது அவளுடைய வீடு.

அலபாமாவின் அந்த மூலையில் ஐந்தில் இரண்டு பங்கு ஜனம் கறுப்பர்கள். ஐந்து பேர் உட்காரும் கவுண்டி ஆணையத்தில் அவர்களுக்கு இருந்தது ஒரே நாற்காலி. மூன்றாம் தொகுதியிலிருந்து போன வெர்டெலின் நாற்காலி. புதிய வரைபடம் முதலில் கறுப்பர் குடியிருப்பை நடுவில் பிளந்து, பாதியைப் பக்கத்துத் தொகுதிக்குத் தள்ளியது. பதிலுக்கு ஏரிக்கரை வெள்ளையர் வீடுகளை மூன்றாம் தொகுதிக்குள் இழுத்து வந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வெர்டெல் முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஏரிக்கரைப் பிள்ளைகளும் அந்த வண்டியில்தான் பள்ளிக்கூடம் போனார்கள். பிள்ளைகள் வளர்ந்து வாக்காளர்கள் ஆகிவிட்டார்கள். தோலைப் பார்த்துத்தான் ஓட்டுப் போடுவார்கள் என்று அவர்களை முழுசாக நம்பிவிட முடியாது. அதற்காகத்தான் அந்த விரல். தொகுதிக்குள் குடியிருக்காதவர் அங்கே போட்டியிட முடியாது அல்லவா?

ஆணையத்தின் தலைவர் ஹாஸ்கல் பிரான்ட்லி, இரண்டாம் தொகுதிக்காரர். பொதுக் கூட்டத்தில் அவர் வெர்டெலைப் பார்த்துத் தேன் ஒழுகச் சிரித்தார்.

"இதுல இனம்ங்கிற பேச்சே இல்லம்மா. கம்ப்யூட்டர் போட்ட கோடு. கம்ப்யூட்டருக்குக் கறுப்பு வெள்ளை தெரியுமா?"

"தெரியாதுதான் சார். ஆனா என் வீடு மட்டும் அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ஒரே மாதிரி நலன் இருக்கிற ஜனங்களைச் சேர்த்து வைக்கணும்ங்கிறது விதி. உங்களையும் எங்களையும் சேர்த்து வெச்சிருக்கோம். சந்தோஷப்படுங்க."

"ரொம்ப சந்தோஷம் சார். இருபது வருஷமா ஒரு வேளை சோத்துக்குக்கூட என்னைக் கூப்பிட்டதில்ல நீங்க. இன்னிக்குத் திடீர்னு ஒரே குடும்பம்ங்கிறீங்க."

பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது. தலைவர் சுத்தியலால் மேசையைத் தட்டினார். பேச ஒதுக்கிய இரண்டு நிமிஷம் முடிந்ததாம். நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் வரைபடம் நிறைவேறியது.

வழக்குப் போட்டால் தீர்ப்பு வர வருஷக்கணக்கில் ஆகும். வேட்புமனு கொடுக்கும் நாளுக்கு ஒரு வருஷம் முன்பிருந்தே தொகுதியில் குடியிருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கெடுவுக்கு இன்னும் பதினொரு நாள்தான். வெர்டெல் கர்த்தரிடம் முறையிட்டாள். பிரான்ட்லிக்கு நல்ல புத்தி கொடும் என்று கேட்டாள். அது பெரிய வேலை என்றால் எனக்காவது ஒரு யோசனை கொடும் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

யோசனை கோழி உருவத்தில் வந்தது. வியாழக்கிழமை காலை அவளுடைய சிவப்புக் கோழி வீட்டுக்கு அடியில் புகுந்துகொண்டு வெளியே வர மறுத்தது. அடிப்பக்கத்தை மூடியிருந்த தகரத்தைக் கழற்றிக் குனிந்து பார்த்தாள். கோழி முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் துருப்பிடித்த இரும்பு அச்சும் இரண்டு ஜோடிச் சக்கரங்களும் இருந்தன.

அது டிரெய்லர் வீடு. இருபத்துநாலு வருஷத்துக்கு முன் அந்தச் சக்கரங்களின்மேல்தான் வந்து இறங்கியது. பிறகு படிக்கட்டு, பூந்தொட்டி, முன்கூரை எல்லாம் முளைத்து, அது உருண்டு வந்தது என்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். வரைபடம் போட்டவனுக்குத் தெரியவே நியாயமில்லை. வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துக் கோடு போட்டவன் அவன். கூரை தெரிந்தது, சக்கரம் தெரியவில்லை.

ரோட்டுக்கு எதிர்ப்புறம் டோயல் தார்ப் என்பவரின் மாட்டு மேய்ச்சல் நிலம். அது மூன்றாம் தொகுதி. வெர்டெல் ஒரு டஜன் முட்டையோடு போய் வேலியோரம் நின்றாள்.

"டோயல், என் வீட்டை நிறுத்த ஒரு மூலை குடுப்பீங்களா?"

கதையைக் கேட்டு முடித்து டோயல் தாடையைச் சொறிந்தார். "நான் ஒருநாளும் உங்களுக்கு ஓட்டுப் போட்டதில்லை, தெரியுமில்ல?"

"தெரியாம என்ன? ஒவ்வொரு தேர்தல் முடிஞ்சதும் வேலிக்கு வந்து சொல்லிட்டுத்தானே போவீங்க."

"இனியும் போட மாட்டேன்."

"நான் நிலம்தான் கேட்டேன், ஓட்டுக் கேக்கல."

டோயல் வாசலைப் பார்த்தார். அங்கே அவர் மகன் டாபி சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இப்போது முப்பத்திரண்டு வயசு. பள்ளி நாட்களில் யாராவது பிடித்துக்கொண்டால் தாங்கித் தாங்கி நடப்பான். மற்ற ஓட்டுநர்கள் இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். வெர்டெல் அவன் படித்த பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாளும் அந்த வாசலில் ஹாரன் அடித்ததில்லை. இறங்கிப் போய், அவன் கைப்பிடித்து, காலணியின் வாரை இறுக்கிக் கூட்டிவந்தாள். அதை யாரும் எந்த வரைபடத்திலும் குறிக்கவில்லை.

"ஓக் மரத்துக்குக் கிழக்கால நிறுத்துங்க," என்றார் டோயல். "மாடு வந்து ஜன்னலை நக்கும். அதுக்கு நான் பொறுப்பில்ல."

"நான் போடுவேன் ஓட்டு," என்றான் டாபி வாசலிலிருந்து.

"நீதான் இன்னும் பேரே பதியலயேடா?"

"பதிஞ்சுக்கிறேன்."

சனிக்கிழமை காலை மரம் இழுக்கும் டிராக்டரோடு, வெர்டெல் போகும் தேவாலயத்தின் டீக்கன் ரூஃபஸ் வந்தார். சபையார் நாற்பது பேர் பலகை, ஜாக்கி, பொரித்த கோழி, உருளைக்கிழங்கு சாலட் சகிதம் வந்தார்கள். புது டயர் மாட்டி, வீட்டை மெல்ல இழுத்தார்கள். அது முனகிக்கொண்டு வந்து ரோட்டின் நட்டநடுவில் நின்றபோது டெபுடி டென்னியின் போலீஸ் கார் வந்தது. பின்னாலேயே பிரான்ட்லியும் வந்து இறங்கினார்.

"அகலமான சரக்கை ரோட்டுல இழுக்கப் பர்மிட் வேணும்! டென்னி, நிறுத்து!"

டென்னியும் அந்தப் பேருந்தில் போனவன்தான். தொப்பியைக் கழற்றினான். "வேணுமா வேணாமான்னு புத்தகத்தைப் பார்த்துட்டுச் சொல்றேன் சார். ரோட்டுமேலே போறதுக்கு ஒரு விதி, குறுக்கே தாண்டுறதுக்கு ஒரு விதின்னு நெனைக்கிறேன்."

காரில் சாய்ந்துகொண்டு முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தான். உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாக வாசித்தான். பொருளடக்கத்தைக்கூட விடவில்லை. அவன் மூன்றாம் பக்கத்தைப் புரட்டியபோது வீட்டின் பின்சக்கரம் மேய்ச்சல் நிலத்துப் புல்லில் ஏறியது.

"குறுக்கே தாண்டுறதுக்கு ஒண்ணும் போடல சார். போட்டிருந்தாலும், வீடு இப்ப ரோட்டுல இல்ல."

பிரான்ட்லியின் முகம் தக்காளியாகிவிட்டது. "மிஸ் வெர்டெல், இது சட்டத்தைக் கேலி பண்ற வேலை!"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல சார். போன வாரம் நான் கட்டில்ல படுத்திருக்கும்போதே நீங்க என்னைத் தூக்கி இன்னொரு தொகுதியில போட்டீங்க. நான் கேலின்னு சொன்னேனா? இந்த வாரம் நானே அறுபது அடி நகர்ந்துக்கிட்டேன். காலையில சாப்பிட்டீங்களா? ஒரு தட்டு எடுத்துக்குங்க."

அவர் வேண்டாம் என்றார். கோழி வாசனை பலமாக இருந்ததால் அதைச் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது. வெர்டெல் காகிதத் தட்டில் இரண்டு துண்டு வைத்து அலுமினியத் தாளால் மூடி, அவர் காரின் முன்சீட்டில் வைத்தாள். நடிப்புக்காக வைக்கவில்லை. மனுஷன் பசியோடு வண்டி ஓட்டக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

மறு வருஷம், மனுக் கொடுக்கும் நாளில் வெர்டெல் படிவத்தில் டோயலின் நிலத்து முகவரியை எழுதினாள். குமாஸ்தா தேதியைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், முத்திரை குத்தினார். வாக்குச்சீட்டில் அவள் பெயர் வந்தது.

விரல் மட்டும் அப்படியே இருக்கிறது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை அதை மடக்க முடியாது. ஒன்றரை மைல் தாரைக் கடந்து போய், இரண்டாம் தொகுதி இப்போது கவனமாகக் காத்து நிற்பது அவளுடைய பழைய மனையில் மிஞ்சிய நாலு சிமெண்டுக் கட்டைகளையும் ஒரு பீக்கன் கொட்டை மரத்தையும்தான். ஒரே மாதிரி நலன் உள்ளவர்களைச் சேர்த்து வைப்பது விதி.

அந்த இலையுதிர்காலத்தில் மரம் நன்றாகக் காய்த்தது. வெர்டெல் ஒரு பை நிறையப் பொறுக்கிச் சுத்தம் செய்து, டாபியின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே நீதிமன்றக் கட்டடத்துக்குப் போனாள். டாபிக்கு அன்று வாக்காளர் பதிவு. பையைத் தலைவரின் மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். சீட்டில் இப்படி எழுதியிருந்தாள்: "என் பழைய வாசலில் நிற்கும் உங்கள் வாக்காளர் கொடுத்தனுப்பியது. தண்ணீர் ஊற்றுவது நான்தான், கவலைப்படாதீர்கள்."